பட்டது எங்கே போகும்?

(வளையமாதேவியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில வாரங்களுக்கு முன் சேத்தியாத்தோப்பிலிருந்து இந்தப் பக்கம் வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பையன்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிற வயது. விஷயம் ‘மார்க் ஆண்டனி’. 2023இல் வந்த படம். பழைய டெலிபோன் ஒன்று. அதில் கடந்த காலத்துக்குப் பேசலாம். பேசினால் நடந்தது மாறிவிடும். ஒருவன் கதையை விடாமல் சொல்லிக்கொண்டே வந்தான். மற்றவன் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டான். “சரிடா, போன் பண்ணிப் பழச மாத்திட்டான். மாத்துறதுக்கு முன்னாடி அவன் பட்ட கஷ்டம் எங்கடா போவும்?”

கதை சொன்னவனிடம் பதில் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடமும் இல்லை. அவர்கள் இறங்கிப் போன பிறகும் அந்தக் கேள்வி இறங்கவில்லை. இன்றைய பேச்சு முழுக்க அந்தப் பையனுக்கு நான் சொல்ல முயலும் பதில்தான்.

முதலில் நம் வீட்டுக் கூடத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரு நெடுந்தொடர் ஓடுகிறது. மருமகளாக நடித்தவர் ஏதோ காரணத்தால் விலகிவிடுகிறார். அன்று மாலை அதே வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வேறொரு பெண் உள்ளே வருகிறார். திரையில் ஒரு வரி எழுத்து வரும்: இவருக்குப் பதில் இனி இவர். ஐந்து வினாடி. அதற்குள் மாமியார் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார். முதல் நாள் நம் வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். மூன்றாம் நாள் புது முகமே மருமகள். முகம் போனாலும் அவர் பட்ட அவமானம், அவர் அடகு வைத்த வளையல், அவர் தங்கை கல்யாணத்துக்குப் பட்ட கடன் எல்லாம் அப்படியே இருக்கிறதே, அதனால்தான் ஏற்றுக்கொள்கிறோம். அந்தக் கடனும் காணாமல் போயிருந்தால் ஒரு வீட்டிலும் தொடரைப் பார்க்க மாட்டார்கள்.

இதே சிக்கல் 1966இல் லண்டனில் பிபிசிக்கு வந்தது. ‘டாக்டர் ஹூ’ என்ற தொடர் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்யும் ஒரு வேற்றுலகத்தார் கதை. கதாநாயகராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடல்நிலை சரியில்லை. தொடரை நிறுத்தவும் மனமில்லை. அப்போது எழுத்தாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்த மனிதர் சாகும் நிலைக்கு வரும்போது உடல் புதுப்பிக்கப்படும். முகமும் குணமும் மாறும். நினைவு மட்டும் தொடரும். நம் ஊரில் திரையில் போட்ட ஒரு வரியை அங்கே கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். இன்றுவரை அந்தத் தொடர் உயிரோடு இருப்பதற்கு அந்த ஒரு யோசனைதான் காரணம். நினைவு தொடரும் என்ற பகுதியை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பேச்சு மறுபடி மறுபடி அங்கேதான் வந்து நிற்கும்.

தொடர்கதை என்பது ஒரே ஆள் ஒரே மூச்சில் எழுதுவது இல்லை. பத்துப் பேர் எழுதுவார்கள், இருபது ஆண்டு எழுதுவார்கள். முதல் ஆண்டில் ஒருவர், பாத்திரத்துக்கு அண்ணனே கிடையாது என்று எழுதியிருப்பார். ஆறாம் ஆண்டில் இன்னொருவருக்கு ஓர் அண்ணன் தேவைப்படுவார். இப்படி முரண் வராமல் பார்த்துக்கொள்வதைச் சினிமாவில் கன்டினியூட்டி என்பார்கள். உதவி இயக்குநர் ஒருவர் நோட்டும் கையுமாக நிற்பார், போன காட்சியில் நெற்றியில் பொட்டு இருந்ததா, சட்டையில் எத்தனை பட்டன் போட்டிருந்தது என்று. பொட்டுக்கு நோட்டு போதும். ஒரு மனிதரின் கடந்த காலத்துக்கு அது போதவில்லை. அறிவியல் புனைகதையில் இது இன்னும் கடினம். அங்கே கதையின் எதிர்காலம் ஒரு நாள் நம்முடைய நிகழ்காலமாகிவிடுகிறது.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தது, பிறகு தூர்தர்ஷனிலும் வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாயை என் வயதுக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அந்தக் கதை நடக்கும் ஆண்டு 2021. படித்தபோது அது எட்டாத தூரம். அப்புறம் அந்த ஆண்டும் வந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். கதையின் 2021 ஒன்று, நாம் வாழ்ந்த 2021 ஒன்று. அடுத்த பாகமான ‘மீண்டும் ஜீனோ’வோடு அது முடிந்துவிட்டதால் யாரும் இரண்டையும் பொருத்திக் காட்ட வேண்டியிருக்கவில்லை. தொடர்ந்து ஐம்பது ஆண்டு ஓடியிருந்தால்?

அப்படி ஓடியது ‘ஸ்டார் டிரெக்’. எண்பதுகளில் தூர்தர்ஷனில் பார்த்தவர்கள் இங்கே இருக்கலாம். 1967இல் வந்த ஓர் அத்தியாயத்தில் கான் நூனியன் சிங் என்றொரு வில்லன். வட இந்தியர், அநேகமாகச் சீக்கியர் என்று கதையில் ஒரு பாத்திரமே ஊகம் சொல்லும். மரபணுவைத் திருத்தி உருவாக்கப்பட்ட மனிதர். 1992 முதல் 1996 வரை உலகத்தில் கால்பங்கை ஆண்டவர். அப்போது நடந்த போர்கள் பூமியையே உலுக்கின என்று கதை. எழுதியபோது 1992 கால் நூற்றாண்டுக்கு அப்பால் இருந்தது. பிறகு 1992 வந்தது, 1996 வந்தது, போரும் வரவில்லை, கானும் வரவில்லை. அதே 1996இல் ‘ஸ்டார் டிரெக்’ குடும்பத்தின் இன்னொரு தொடரில் விண்கப்பல்காரர்கள் காலம் பின்னோக்கி வந்து லாஸ் ஏஞ்சலிஸில் இறங்குகிறார்கள். ஊர் அமைதியாக இருக்கிறது. கடற்கரையில் மக்கள் வெயில் காய்கிறார்கள்.

இதை என்ன செய்வது? முப்பது ஆண்டு ரசிகர்களும் எழுத்தாளர்களும் இதோடு மல்லுக்கட்டினார்கள். போர் ரகசியமாக நடந்தது என்று நாவல் எழுதிப் பார்த்தார்கள். கடைசியில் 2023இல் அதே குடும்பத்தின் ‘ஸ்டிரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ தொடரில் ஓர் அத்தியாயம் வந்தது. அதில் லான் என்ற இளம்பெண், கானின் வம்சத்தில் பிறந்தவள். அந்தப் பெயருக்காகவே பள்ளியில் கேலிக்கு ஆளானவள். ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நம் காலத்து டொராண்டோவில் வந்து விழுகிறாள். அங்கே எதிர்காலத்திலிருந்து வந்த இன்னொரு பெண், கானைச் சிறுவனாக இருக்கும்போதே கொல்லக் காத்திருக்கிறாள். அவள் ஆத்திரத்தோடு சொல்லும் ஒரு செய்தியில் பழைய முரண்பாடு முழுவதும் தீர்ந்துவிடுகிறது. இதெல்லாம் 1992இல் நடந்திருக்க வேண்டும், நான் முப்பது ஆண்டாக இங்கே மாட்டிக்கொண்டு கிடக்கிறேன் என்கிறாள். காலப்பயணிகள் பலர் கை வைத்ததில் நிகழ்ச்சிகள் தள்ளிப் போய்விட்டன; ஆனால் காலம் விடாமல் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.

சாமர்த்தியமான விளக்கம்தான். ஆனால் நான் இதை உங்களிடம் சொல்வது அந்தச் சாமர்த்தியத்துக்காக அல்ல. லான் அந்த அறைக்குள் போகிறாள். எதிரே ஒரு சின்னப் பையன் நிற்கிறான். தன் பெயரைக் கறையாக்கியவன், கோடிக்கணக்கானவர்களைக் கொல்லப் போகிறவன், இப்போது ஒன்றும் அறியாத குழந்தை. அவனை அவள் விட்டுவிட்டு வருகிறாள். தன் காலத்துக்குத் திரும்பியதும், நடந்ததை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று கட்டளை. அந்தப் பயணத்தில் அவள் மனதைக் கொடுத்தவன் அவள் கண் முன்னே செத்துப்போனான். அவனைப் போன்ற இன்னொருவன் இந்தக் காலத்தில் உயிரோடு இருக்கிறான். அவனுக்கு இவளை யாரென்றே தெரியாது. ஏதோ சாக்குச் சொல்லி அவனோடு திரையில் ஒரு நிமிடம் பேசுகிறாள். இணைப்பு துண்டானதும் உடைந்து அழுகிறாள்.

இங்கேதான் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. நடந்ததை மாற்றலாம், பட்டதை மாற்றக் கூடாது. ஆண்டுக் கணக்கு தப்பினால் பார்ப்பவர் மன்னித்துவிடுவார். அந்தப் பாத்திரத்தோடு சேர்ந்து தானும் அழுத ஒரு நாளை, அப்படி ஒரு நாளே இல்லை என்று எழுத்தாளர் சொன்னால் மன்னிக்க மாட்டார். லானின் கதையை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. முப்பது ஆண்டுக் கணக்குப் பிழையைத் தீர்த்தார்கள். அந்தத் தீர்வின் விலையை ஒரு பெண்ணின் நெஞ்சில் இறக்கி வைத்தார்கள். உலகம் மறந்தாலும் ஒருத்திக்காவது நினைவிருக்கிறது.

விளக்கமே சொல்லாமல் விடுவதும் ஒரு வழி. அதே தொடர்க் குடும்பத்தில் கிளிங்கான் என்று ஓர் இனத்தார். அறுபதுகளில் அவர்களுக்கு நெற்றி நம் நெற்றி போலவே இருந்தது. ஒப்பனைக்கு அவ்வளவுதான் காசு. 1979இல் வந்த திரைப்படத்திலிருந்து நெற்றியில் வரப்பு வரப்பாக எலும்பு. 1996இல் ஒரு கதையில், காலம் பின்னோக்கிப் போன குழு அந்த வழவழப்பான நெற்றிக்காரர்களை நேரில் பார்த்துவிடுகிறது. கூட இருக்கும் கிளிங்கான் அதிகாரி வோர்ஃபைப் பார்த்து எல்லோரும் திரும்புகிறார்கள். வெளியாரிடம் நாங்கள் அதைப் பேசுவதில்லை என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவ்வளவுதான். 2005இல் வேறொரு தொடர் இரண்டு அத்தியாயம் செலவழித்து, மரபணு நோய் ஒன்று பரவியது, அதனால் நெற்றி மாறியது என்று விளக்கியது. என்னைக் கேட்டால் வோர்ஃபின் மௌனமே மேல். நம் குடும்பங்களிலும் அப்படி ஒன்று உண்டல்லவா? சித்தப்பா ஏன் இருபது வருஷம் ஊருக்கு வரவில்லை என்று கேட்டால் பெரியம்மா காபி போட எழுந்து போய்விடுவார். அங்கே ஏதோ வலி இருக்கிறது என்று நமக்குப் புரிந்துவிடும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் நேற்றுக் கண்டுபிடித்த சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். முரண்படும் கதைகளைச் சேர்த்து வைத்து வாழ்வதில் நமக்கு நீண்ட பழக்கம். ஒரு புராணத்தில் பிள்ளையார் பிறந்த விதம் ஒன்று, இன்னொன்றில் வேறு. நம் பௌராணிகர்கள் அதற்குக் கல்பபேதம் என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். அது ஒரு கல்பத்தில் நடந்தது, இது இன்னொரு கல்பத்தில் நடந்தது, இரண்டும் உண்மை. இன்றைய தொடர்காரர்கள் இணைப் பிரபஞ்சம் என்று சொல்வதும் இதுவேதான். அத்யாத்ம ராமாயணத்தில் சீதை, தன்னைக் காட்டுக்கு அழைத்துப் போக மறுக்கும் ராமனிடம் ஒரு வாதம் வைக்கிறாள். எத்தனையோ ராமாயணம் கேட்டிருக்கிறோம், எதிலாவது சீதை இல்லாமல் ராமன் காட்டுக்குப் போனதுண்டா என்று கேட்கிறாள். தான் ஒரு கதையின் பாத்திரம், அந்தக் கதை பல முறை நடந்திருக்கிறது என்று தெரிந்த பெண் பேசுகிற பேச்சு அது.

ரேவதியின் கதையும் கேட்டிருப்பீர்கள். தந்தை ககுத்மி தன் மகளுக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்ம லோகம் போகிறார். அங்கே கந்தர்வர் பாட்டு. முடியட்டும் என்று கொஞ்ச நேரம் நிற்கிறார். கீழே அதற்குள் இருபத்தேழு சதுர்யுகம் ஓடிவிட்டது. மனதில் நினைத்து வைத்திருந்த மாப்பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள், பேரன்கள் யாரும் இல்லை. திரும்பி வந்து பலராமருக்கு மணம் முடிக்கிறார். அந்த யுகத்துப் பெண் என்பதால் ரேவதி மிக உயரம். பலராமர் கலப்பையால் அழுத்தி இந்த யுகத்து அளவுக்குக் கொண்டுவருகிறார். சின்ன வயதில் கலப்பைதான் எனக்கு விந்தையாக இருந்தது. இப்போது அந்தப் பெண்ணை நினைக்கிறேன். அவள் விளையாடிய தோழிகள் யாரும் எந்த ஊரிலும் இல்லை. அதைப் பற்றிக் கதை ஒரு வார்த்தை சொல்வதில்லை. யாராவது எழுத வேண்டும்.

நம் கடலூர் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கூத்து பார்த்தவர்களுக்கு இன்னொன்று தெரியும். திரைக்குப் பின்னால் ஆள் நிற்பார். கட்டியங்காரன் கேட்பான், வருவது யார் என்று. துரியோதனனோ அர்ச்சுனனோ தன் பிறப்பையும் பெருமையையும் தானே பாடிக்கொண்டு வெளியே வருவார். ஒவ்வொரு ராத்திரியும், ஒவ்வோர் ஊரிலும், தன் பழங்கதையைப் பாத்திரமே தன் வாயால் சொல்லியாக வேண்டும். ஓர் ஊரில் சொன்னதற்கும் அடுத்த ஊரில் சொன்னதற்கும் வித்தியாசம் இருக்கும். வில்லிபாரதத்தில் இல்லாதது நிறைய வரும். விடிய விடியப் பார்க்கிற சனம் அதற்காக எழுந்து போனதில்லை. ஆனால் விரித்த கூந்தலோடு திரௌபதி நிற்கும் இடத்தில் அவள் பட்ட அவமானத்தை ஒருவர் குறைத்துப் பாடட்டும் பார்க்கலாம். ஊர் விடாது.

நம் திரைப்படங்களுக்கு வருகிறேன். 2015இல் ஆர். ரவிக்குமார் இயக்கிய ‘இன்று நேற்று நாளை’ வந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் ஞாபகம் இருக்கிறது. 2065இலிருந்து அனுப்பிய டைம் மிஷின் இரண்டு இளைஞர்கள் கையில் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஜோசியத் தொழில் நடத்துகிறார்கள். என்ன அழகான யோசனை! தமிழனிடம் டைம் மிஷின் கிடைத்தால் முதலில் அதைத்தான் செய்வான். பிறகு ஒரு பயணத்தில் அவர்கள் அறியாமல் செய்த காரியத்தால், போலீஸ் என்கவுன்டரில் செத்திருக்க வேண்டிய ஒரு ரௌடி பிழைத்துவிடுகிறான். செத்தவனுக்கு இப்போது ஒரு வாழ்க்கை, ஒரு வரலாறு. ஒரு சிறு அசைவிலிருந்து ஒரு மனிதரின் பழங்கதை எப்படி முளைக்கிறது என்பதை அவ்வளவு தெளிவாக அதற்கு முன் தமிழில் யாரும் காட்டியதில்லை. 2021இல் ‘மாநாடு’. ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது. ஊர் முழுக்க மறந்துவிட, நாயகனுக்கும் வில்லனாக வரும் காவல் அதிகாரிக்கும் மட்டும் முந்தைய சுற்றுகள் நினைவிருக்கின்றன. வில்லனுக்கும் நினைவு வந்துவிட்டது என்று தெரியும் இடத்தில்தான் அரங்கம் அதிர்ந்தது. நினைவு என்பது அங்கே ஆயுதம். அது இருவர் கையிலும் இருக்கிறது.

என் மனதுக்கு மிக நெருங்கியது 2022இல் வந்த ‘கணம்’. விபத்தில் தாயை இழந்த மகன். மேடையில் நின்று பாட வராதபடி அந்த இழப்பு அவன் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு விஞ்ஞானியின் உதவியோடு 1998க்குப் போகிறான். அமலா அந்தத் தாய். காப்பாற்றிவிடுவான் என்று நாமும் நம்புகிறோம். காப்பாற்ற முடியவில்லை. அம்மாவோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்புகிறான். சாவு மாறவில்லை, அதைச் சுமக்கும் தோள் மாறியிருக்கிறது. தாய் பிழைத்துக்கொண்டாள், எல்லாம் சுபம் என்று முடித்திருந்தால் வசூல் கூடியிருக்கலாம். ஆனால் முதல் ஒரு மணி நேரம் நாம் பார்த்த அந்த மகன் யார்? அவன் எங்கே போனான்? பேருந்துப் பையனின் கேள்வி அங்கே வந்து நின்றிருக்கும்.

இந்தக் கேள்விக்கு இதுவரை நான் கண்ட சிறந்த பதில் மறுபடியும் ‘டாக்டர் ஹூ’வில்தான். 2005இல் தொடர் புதிதாகத் தொடங்கியபோது, நாயகருக்கு ஒரு கொடிய கடந்த காலத்தைக் கொடுத்தார்கள். ஒரு பெரும் போரை முடிக்க அவர் தன் சொந்த உலகத்தையே எரித்துவிட்டார். எட்டு ஆண்டு அந்தக் குற்ற உணர்ச்சிதான் தொடரின் முதுகெலும்பு. 2013இல் ஐம்பதாம் ஆண்டு விழா. இப்போது எழுத்தாளர்களுக்கு அந்த உலகம் மறுபடி வேண்டும். எரித்ததை எப்படி எரிக்காததாக்குவது?

ஒரே மனிதரின் மூன்று வயதுகளை ஒரு சிறை அறையில் ஒன்றாக உட்கார வைக்கிறார்கள். இன்னும் எரிக்காதவர், எரித்துச் சில காலம் ஆனவர், எரித்து நானூறு ஆண்டு ஆனவர். முதலாமவர் கேட்கிறார்: அன்று அங்கே எத்தனை குழந்தைகள் இருந்தார்கள், நீங்கள் எண்ணிப் பார்த்தீர்களா? கடைசிக்காரர் தெரியாது என்று மழுப்புகிறார். நடுவில் இருப்பவர் சட்டென்று எண்ணிக்கையைச் சொல்கிறார். 247 கோடி. எண்ணியவருக்கும் மறந்தவருக்கும் நடுவே அந்த அறையில் நிற்கும் கோபத்தை வார்த்தையில் சொல்ல முடியாது. பிறகு மூவரும் சேர்ந்து வேறு வழி கண்டுபிடித்து அந்த உலகத்தைக் காப்பாற்றிவிடுகிறார்கள். ஆனால் காலங்கள் ஒன்றோடொன்று குழம்பியதால் மூத்தவர் ஒருவருக்கு மட்டுமே அது நினைவில் நிற்கும். மற்ற இருவரும் தாங்கள் எரித்துவிட்டதாகவே நம்பிக்கொண்டு தங்கள் காலத்துக்குத் திரும்ப வேண்டும். அப்படியானால் அந்த எட்டு ஆண்டும் நாம் பார்த்த கண்ணீரில் ஒரு சொட்டும் பொய் இல்லை. உலகம் பிழைத்தது, துயரமும் பிழைத்தது. பேருந்துப் பையனிடம் இதைத்தான் சொல்வேன்: பட்டது எங்கேயும் போகாது தம்பி, நல்ல எழுத்தாளர் அதற்கு ஓர் இடம் பார்த்து வைத்துவிட்டுத்தான் பழசில் கையை வைப்பார்.

இதை ஏன் வளையமாதேவியில் வந்து பேசுகிறேன்? ஜெர்மனியில் எடுத்த ‘டார்க்’ என்று ஒரு தொடர், 2017 முதல் 2020 வரை மூன்று பருவம். மின் நிலையத்தை நம்பி வாழும் ஒரு சிறிய ஊர்; அது அணுமின் நிலையம், நம் நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. அருகே ஒரு குகை. அதற்குள் போனால் முப்பத்து மூன்று ஆண்டு பின்னால் வெளியே வரலாம். 2019இல் காணாமல் போகும் ஒரு சிறுவன் 1986இல் வெளியே வந்து, திரும்ப வழி தெரியாமல், ஒரு செவிலியின் வளர்ப்பு மகனாகி, கல்யாணம் செய்து, ஒரு மகனைப் பெறுகிறான். அந்த மகன்தான் கதாநாயகன். தன்னோடு பள்ளியில் படிக்கும் தோழனின் தம்பிதான் தன் அப்பா என்று அவனுக்குத் தெரியவரும் இடத்தில் நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றேன். வானத்தில் கொதிகலன் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நம் மண்ணும் அப்படித்தான். கீழே போகப் போகப் பழசு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரிய பொருள் வெளியே வந்தது. கோடிக்கணக்கான ஆண்டுக்கு முன் நின்ற காடு அது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் வந்தது, மறு ஆண்டு வெட்டத் தொடங்கினார்கள். திருநெல்வேலி, மதுரை, கேரளம், ஆந்திரம் என்று எங்கிருந்தெல்லாமோ வேலைக்கு வந்தார்கள். அதே நேரம் இங்கேயே பிறந்தவர்கள் தங்கள் ஊரை விட்டு எழுந்து போனார்கள். இன்றும் வயதானவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். இருக்கிற ஊரைச் சொல்வதற்கு முன் ஒரு நொடி நிற்பார்கள். 2023 ஜூலையில், நெல் நின்ற வயலுக்குள் அந்த நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டிய காட்சி இந்த வளையமாதேவியிலிருந்துதான் தமிழ்நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் போனது. அந்தக் கால்வாய்க்கு இனி எந்தக் காரணம் சொல்லப்பட்டாலும், அந்த வயல்காரருக்கு அந்தக் காலை நடக்கவே இல்லை என்று யாராலும் எழுத முடியாது.

இங்கே முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கைபேசியிலேயே குறும்படம் எடுக்கிறீர்கள் என்று சொன்னார்கள். உங்களுக்கு ஒரு கதையின் தொடக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். நெய்வேலி நகரியத்தில் ஒரு பெண், பதினைந்து வயது. அவள் அப்பாவின் அப்பா சுரங்க வேலைக்காகத் தெற்கிலிருந்து ரயிலேறி வந்தவர். அம்மாவின் அம்மா இந்த மண்ணில் பிறந்து, ஊர் சுரங்கத்துக்குள் போனதால் இடம் மாறியவர். அந்த ஆயா தினமும் தன் ஊர்க் கிணற்றைப் பற்றிப் பேசுவார். அதன் தண்ணீரில் வெந்த பருப்பின் ருசி எங்கேயும் இல்லை என்பார். பேத்திக்கு எப்படியோ ஒரு வழி கிடைக்கிறது. 1956க்குப் போகிறாள், அந்த ஊரைக் காப்பாற்றிவிடலாம் என்று.

காப்பாற்றினால் சுரங்கம் இல்லை. சுரங்கம் இல்லையென்றால் தாத்தா ரயிலேற மாட்டார். அப்பாவும் அம்மாவும் ஒரே பள்ளியில் படிக்க மாட்டார்கள். இவள் இல்லை. காப்பாற்றாவிட்டால், ஆயா இனி அழப் போகும் ஒவ்வோர் இரவும் இவள் தெரிந்தே விட்டுவிட்டு வந்ததாகிவிடும். எது செய்தாலும் யாரோ ஒருவரின் பழங்கதையில் ஒரு பக்கம் கிழிகிறது. எழுத உட்காரும் முன் நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிறந்த ஆண்டு, ஊர், அப்புறம் அவருக்கு எது நினைவிருக்கிறது, எது நினைவில்லை. அந்தக் கடைசி வரியை நிரப்பாமல் முதல் காட்சியை எழுதாதீர்கள்.

அவள் நடந்து போகிறாள். பனைகள், முந்திரித் தோப்பு, செம்மண் பாதை. கிணற்றடியில் பத்து வயதுப் பெண் ஒருத்தி தோண்டியை இறக்கிக்கொண்டிருக்கிறாள். கயிறு தேய்த்த பள்ளம் கிணற்றுக் கல்லில் தெரிகிறது. அந்தக் கையில், ஆயாவின் கையில் இருக்கிற அதே மச்சம். வேர்த்து நிற்கும் இவளைப் பார்த்து அந்தச் சிறுமி தோண்டியைச் சாய்த்துக் கைகளில் தண்ணீர் ஊற்றுகிறாள். குடித்து முடிக்கும்வரை பேசாமல் நிற்கிறாள். பிறகு கேட்கிறாள்:

“எந்த ஊரு நீ?”